சுழலும் துளையின் கணக்கு

"அத்தை, கருந்துளைக்குள்ள போனது எதுவுமே வெளிய வராதுன்னா, அது சூடா இருக்குன்னு யாரு தொட்டுப் பாத்தா?"

தம்பி மகள் மிஹாரு ஒருமுறை இப்படிக் கேட்டாள். தமாகி மூடிய சாப்பாட்டு டப்பா ஒன்றைக் காட்டினாள். வெளியே ஒரே எடைதான்; உள்ளே சோற்றையும் ஊறுகாயையும் எத்தனை விதமாக அடுக்கியிருக்கலாம்? அந்த விதங்களை எண்ணிவிட்டால், தொடாமலே சூட்டைச் சொல்லிவிடலாம் என்றாள். சுழலும் கருந்துளைக்குள் ஒளிந்திருக்கும் விதங்களை எண்ணியபடியே கியோத்தோவில் அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது.

மார்ச்சோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. கையிலிருக்கும் கட்டுரை மற்றவர்களுக்கு முன் வெளிவந்தால்தான் நீட்டிப்பார்கள்.

புத்தாண்டுக்கு ஊருக்குக் கிளம்பிய பக்கத்து மேசை ஒகிமோத்தோ சீண்டினான். "தமாகி சான், கருந்துளைகூட கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுதாம். இந்த ரூம் உங்கள விடாது போல."

அவள் சிரித்து வைத்தாள். அம்மா போனபின் போய்ச்சேர வீடில்லை. தம்பி குடும்பம் பிரேசிலில் இருக்கிறது.

விடுமுறையில் ஓர் ஆய்விதழ், கருத்துக் கேட்டு ஒரு கட்டுரையை அனுப்பியது. எழுதியவள் தென்கொரியாவின் தேகு நகரத்து மாணவி. விஷயம் தமாகி எழுதிக்கொண்டிருப்பதேதான். ஆனால் கடைசியில் இரண்டு விடைகளும் பொருந்தாமல் சிறு எச்சம் ஒன்று உதைத்தது. சுழலும் வேகத்தை மாறாமல் வைத்து எண்ணிவிட்டு, சுழற்சியின் மொத்த அளவான கோண உந்தத்தை மாறாமல் வைத்த விடையோடு ஒப்பிட்டிருந்தாள். சாதாரண வாயுவுக்கு இரண்டும் ஒன்றே. சுழலும் துளைக்கு அல்ல. இந்தத் தொழிலில் ஊறியவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குவார்கள்.

'பிழை உள்ளது, ஏற்க இயலாது' என்று ஒரு வரி போதும். பொய்யும் இல்லை. தமாகியின் கட்டுரை முந்திக்கொள்ளும்.

மாணவியாக இருந்தபோது அவளும் இதே இடத்தில் வழுக்கியவள்தான். முகம் தெரியாத யாரோ பக்கம் பக்கமாக வழிகாட்டி, "மிக அருகில் வந்துவிட்டீர்கள், விட்டுவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தார். கருத்துரைப்பவர் பெயர் சொல்வது வழக்கமில்லை. எத்தனையோ மாநாடுகளில் நரைத்த தலைகளைப் பார்த்து, இவரோ அவரோ என்று நினைத்திருக்கிறாள். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்றே ஆண்டவன் சில வேலைகளுக்குப் பெயரில்லாமல் வைத்தான் போலும்.

ஆய்வறை மின்னடுப்பில் புத்தாண்டு அரிசிப் பலகாரத்தைச் சுட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு மாறும் வழியைப் படிப்படியாகப் போட்டுக் காட்டினாள். எச்சம் கரைந்தது. இனித் தன்னுடையது இரண்டாவதாகத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். திருத்தியபின் வெளியிடலாம் என்று பரிந்துரைத்தாள்.

அனுப்பிவிட்டு, ஆறிப்போன பலகாரத்தைக் கடித்தாள். நடைக்கூடத்தில் யாரும் இல்லை.