பட்டியலில் இல்லாத கேபிள்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. அங்கே உட்கார்ந்து கடலின் அடியைப் பார்ப்பதுதான் சுதர்சினியின் வேலை. ஆராய்ச்சிக் கப்பலொன்று ஆளில்லாத வண்டியைக் கேபிளில் கட்டி ஆழத்தில் இறக்கும். அதன் கமராக்கள் எடுக்கும் வீடியோவை ஓடவிட்டு, தெரிவதையெல்லாம் குறிக்க வேண்டும். குறிப்பதற்கு நாற்பத்து மூன்று சொற்கள் கொண்ட பட்டியல் உண்டு. அதற்கு வெளியே எதைக் கண்டாலும் வேலைக்கு ஆகாது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த வேலை இது. இதைச் சொன்னால் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்குவதில்லை. விளங்கப்படுத்தும் பொறுமை அவளுக்கும் இல்லை.

அந்தக் கப்பலில்தான் அவளுடைய தம்பி சதீஸ் இருக்கிறான். கண்டியில் துணிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு விண்ணப்பம் நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பியவள் அவள்தான். வண்டி மேலே வரும்போது கப்பலின் ஓரத்தில் நீளக் கம்போடு நின்று, கொக்கியை மாட்டுவது அவன் வேலை.

அன்று காலை மேலாளர் மஹ்ரூப் சேர் வந்து, இனி வீடியோ ஹார்ட் டிஸ்கில் வராது, எல்லாம் சற்றலைட் வழியாகத்தான் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

திரையில் வண்டி அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பின்கமராவை யாரும் பார்ப்பதில்லை, அதில் கேபிளைத் தவிர ஒன்றும் தெரியாது. சுதர்சினி பார்ப்பாள். பார்த்தவள் கையை மவுஸிலிருந்து எடுத்தாள். வண்டியோடு கேபிள் சேரும் இடத்துக்கு ஒரு முழம் மேலே, வெளியே சுற்றியிருக்கும் இரும்புக் கம்பிகள் அறுந்து முள்ளாக விரிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று தெறித்தது.

தண்ணீருக்குள் வண்டியின் பாரம் தெரியாது. தண்ணீரை விட்டுத் தூக்கும்போதுதான் முழு மூன்று தொன்னும் கேபிளில் தொங்கும். அந்த நேரம் சதீஸ் பக்கத்தில் நிற்பான். அறுந்த கேபிள் சாட்டை மாதிரி திரும்பும்.

திரையின் மூலையில் நேரம் 06:12, ஆழம் 900 மீற்றர். சுவரில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு. தூக்க அரை மணித்தியாலம் போதும். அப்படியென்றால் ஏழு மணிக்கு முன்னமே நடந்து முடிந்துவிட்டது. ஐந்து மணித்தியாலமாக ஒருவரும் வீட்டுக்குச் சொல்லவில்லை. கூலிக்காரன் செத்தால் மெதுவாகத்தானே சொல்வார்கள்.

தம்பியின் நம்பருக்கு அடித்தாள். எடுபடவில்லை. நடந்ததைப் பார்த்தேவிடுவது என்று வீடியோவை முன்னால் தள்ளினாள். தள்ளுப்படவில்லை. மறுபடி தள்ளினாள். அதற்குமேல் பதிவே இல்லை என்றால்?

பக்கத்துக் கதிரையிலிருந்து மடவளையிலிருந்து வேலைக்கு வரும் பஸ்லினா எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டிஸ்க்ல வாரத எங்கட நேரத்துக்கு மாத்தித்தான் தருவாங்க. இத மாத்தல்ல. இது கிரீனிச் நேரம். அஞ்சரை மணித்தியாலம் கூட்டிப் பாரு.”

சுதர்சினி கூட்டினாள்.

“முன்னால ஓடாதுடி,” என்றாள் பஸ்லினா. “இது நேரடியா வருது. இன்னும் நடக்கல்ல.”

ஆழம் 610.

செத்துவிட்டான் என்று நினைத்தபோது எழும்பாதவள் இப்போது எழும்பினாள். மஹ்ரூப் சேரின் அறைக்கு ஓடினாள். கப்பலோடு நேரே பேச நமக்கு அனுமதியில்லை, கொழும்புக்குச் சொல்ல வேண்டும் என்றார். கொழும்புக்கு அடித்தார், லைன் கிடைக்கவில்லை. குறிப்புப் பெட்டியில் எழுதச் சொன்னார். குறிப்புகளைக் கப்பலில் பின்னேரம்தான் வாசிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். அவர் கெட்டவரல்ல. பயந்தவர். அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது ஆழம் 240. இன்னும் மூன்று கம்பிகள் போயிருந்தன.

பட்டியலைத் திறந்தாள். மீன், பவளம், கடற்பஞ்சு, வலை, பிளாஸ்டிக். கேபிள் என்று ஒரு சொல் இல்லை. அடியில் கிடக்கும் நத்தைக்குக்கூட நாலு பெயர் வைத்தவர்களுக்கு, மேலே நிற்கிறவனைக் கொல்லப்போவதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. நாற்பத்து மூன்றாவது சொல்லில் அவள் கண் நின்றது: மனித உடல். அதைக் குறித்தால் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும், எந்த வேலையானாலும் நிறுத்தியே ஆக வேண்டும். பயிற்சியில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

“பொய்யாக் குறிச்சா வேலை போகும்,” என்றாள் பஸ்லினா. ஆனால் கையைத் தடுக்கவில்லை.

சுதர்சினி அழுத்தினாள்.

180. 130. 90. விளக்கு எரிந்ததா, எரிந்தும் யாரும் பார்க்கவில்லையா? தண்ணீர் கறுப்பிலிருந்து நீலமாகிக்கொண்டிருந்தது. 71. 64.

64.

64-இலேயே நின்றது.

ஒரு நிமிடத்தில் மஹ்ரூப் சேரின் அறையில் போன் அடித்தது. கப்பலின் பொறியியலாளர், சிங்களத்தில், உடல் எங்கே என்று கேட்டார். சுதர்சினி போனை வாங்கிச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

“இன்னும் இல்ல. இப்பிடியே தூக்கினீங்கன்னா இருக்கும். பின்கமராவப் பாருங்க.”

அந்தப் பக்கம் அந்த மனுஷன் யாரிடமோ கத்தியது கேட்டது.

இரண்டாவது கயிறொன்றை இறக்கி வண்டியில் மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. மறுபடி தூக்கத் தொடங்கினார்கள். 20. 8. 2. வெளிச்சம், நுரை, கப்பலின் துருப்பிடித்த வயிறு. படம் ஒருமுறை உதறியது. திரை இருண்டது.

படம் வருவதும் அந்தக் கேபிளுக்குள்ளால்தான். கேபிள் அறுந்தால் கண்ணும் போய்விடும். யார் எங்கே நின்றார்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை. பஸ்லினாவின் உதடு ஏதோ ஓதியது. சுதர்சினிக்குக் கும்பிடவும் வரவில்லை. ஆறு நிமிடம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் வந்தது. வண்டி கயிற்றில் தொங்குகிறது, ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றார் பொறியியலாளர். நன்றி சொல்லவில்லை.

மஹ்ரூப் சேர் அவளுடைய மேசைக்கே வந்து நின்று, அந்தக் குறியை அழித்துவிடலாமே, ஒருவருக்கும் பிரச்சினை இருக்காது என்று தன்மையாகச் சொன்னார்.

“அழிக்கமாட்டேன் சேர். அத அழிச்சா கேபிள் அறுந்ததும் இல்ல, நீங்க லைன் கிடைக்கலன்னு சொன்னதும் இல்லன்னு ஆயிரும். வேலைய விட்டு நிப்பாட்டுற கடிதம் குடுக்கிறதுன்னா குடுங்க.”

பின்னேரம் சதீஸ் போன் அடித்தான். பொணம் எங்கே பொணம் எங்கே என்று கப்பலே அவனைப் பகிடி பண்ணுகிறதாம். சொல்லிச் சிரித்தான். நடுவில் சிரிப்பு நின்றது.

“நான் நிக்கிற எடத்துல இருந்த இரும்புத் தூண் கேபிள் அடிச்சு வளைஞ்சு கெடக்குக்கா. என் தொடை தடிமன் இருக்கும் அது.”

வீட்டுக்கு வந்துவிடு என்றாள் அவள். வந்து என்ன செய்வது என்றான் அவன். நாளைக்கு வேறு கேபிள் போட்டு மறுபடி இறக்குகிறார்களாம்.

“அங்க யாரு நிக்கப்போறா?”

“என்னக்கா கேக்குற,” என்றான் சதீஸ். “வேற யாரு இருக்கா?”