சுவருக்குப் பதிலாக நான்

ஸ்டூடியோக்காரருக்கு நான் தரவேண்டிய பாக்கி எட்டாயிரத்து எழுநூற்றைம்பது. மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த கூலியில் பாதியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். மீதிதான் இது. மீதியைக் கொடுக்காததால் ஆல்பம் அவர் கடையிலேயே, கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போது அட்டையில் மகள் முகம் தெரியும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மிதிப்பேன்.

மகள் போன் பண்ணினால் முதலில் என் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அடுத்தது ஆல்பம். அவள் மாமியார் ஆல்பம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாராம். "கேட்டுக்கிட்டு இருந்தப்பகூட சமாளிச்சேன்ப்பா. இப்ப கேக்காம பாக்கறாங்க. அதுதான் தாங்கல" என்றாள். போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தூக்கினால்தான் காசு. இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து பாதி நாள் மற்றவர்கள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் ஸ்டூடியோக்காரர் ஸ்கூட்டரில் கிடங்குக்கே வந்துவிட்டார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவார். பாக்கி கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து மூட்டை அடுக்குக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

அவர் பணம் கேட்கவில்லை. கூட வந்துகொண்டிருந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். மூன்று விசேஷங்களுக்கு நான் அவரோடு வந்தால் கணக்கு நேராகிவிடும், ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். என்ன தூக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் தூக்க வேணாம்ணே. நிக்கணும்."

"நின்னு?"

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னதும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா நிக்கறதுக்கு எவன் எட்டாயிரம் கழிப்பான்? நல்லா விசாரிச்சீங்களா, இல்ல தலையை ஆட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

முதல் விசேஷம் ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. பெரிய ஹால். கூரை எங்கோ உயரத்தில், கறுப்பு பெயிண்ட் அடித்துக் கிடந்தது. சுவர்களும் தூரம். ஸ்டூடியோக்காரர் கேமரா தலைமேல் ஃப்ளாஷைச் செருகிக்கொண்டே எனக்கு விளக்கினார். ஃப்ளாஷை நேராக மூஞ்சியில் அடித்தால் நெற்றி எண்ணெய் வழிகிற மாதிரி மின்னும், மூக்கு நிழல் கன்னத்தில் விழும். அதனால் ஃப்ளாஷின் தலையைத் திருப்பிக் கூரையில் அடிக்க வேண்டும். வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும். இங்கே கூரை கறுப்பு, வெளிச்சத்தை முழுங்கிவிடும். அப்புறம் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து ஃப்ளாஷுக்குத் தொப்பி மாதிரி மாட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தார். டிஃப்யூசர் என்றார். அது வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதற விடுமாம், ஆனால் திருப்பி அனுப்பப் பக்கத்தில் சுவர் வேண்டுமாம். அதையும் கழற்றிப் பையில் போட்டார்.

"சுவர் இல்லாத எடத்துல நீங்கதாண்ணே சுவர்" என்றார்.

அவருக்கு இடது பக்கம், கை எட்டுகிற தூரத்தில் நின்றேன். கேமரா ஆட்களைப் பார்க்கும், ஃப்ளாஷ் மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கும். யாராவது சிரித்தால் என் நெஞ்சில் பளீர் என்று அடிப்பார். படம் அவர்களுக்கு, அடி எனக்கு. என்மேல் வெளிச்சம் படுகிறதே, நாமும் படத்தில் விழுவோம் போல என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொண்டேன். முதல் ஏழெட்டுப் படத்துக்குச் சிரிக்கவும் செய்தேன்.

"சிரிக்காதீங்கண்ணே. நீங்க படத்துலயே இல்ல" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்கு ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதாதா என்று கேட்டேன். அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கூட்டம் அட்டையைப் பார்க்கும், முகம் விறைத்துப்போகும் என்றார். பிறகு, "உங்களை யாரும் பாக்க மாட்டாங்கண்ணே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையும்தான், அன்றைக்கு முழுக்க யாரும் பார்க்கவில்லை.

முடிந்ததும் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் காட்டினார். முகமெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஹால் தீப்பிடித்த மாதிரி ஒரே செம்மஞ்சள். ஹாலில் இருப்பது மஞ்சள் பல்பு, அவர் ஃப்ளாஷ் வெள்ளை, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். நான் சரியாக நிற்கவில்லையா என்று கேட்டேன். உங்கள்மேல் தப்பில்லை என்றார். தப்பு நம்மேல் இருக்கும்போதுதான் மேஸ்திரிகள் அந்தக் குரலில் அப்படிச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் கணக்கில் ஏறியது.

இரண்டாவது அதே ஹாலில் ஒரு கல்யாண வரவேற்பு. விடாத மழையில் என் வெள்ளைச் சட்டை காயவில்லை, காலரும் கிழிந்திருந்தது. மனைவி பெட்டியைத் திறந்து, மருமகன் எடுத்துக் கொடுத்த சட்டையை எடுத்தாள். சந்தன நிறம், கொஞ்சம் மஞ்சள் தூக்கல். போடவே மனசு வராமல் வைத்திருந்தது. "கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டுப் போயி அவர் மானத்தை வாங்காதீங்க" என்று தேய்த்துக் கொடுத்தாள். எனக்கும் அது சரி என்று பட்டது. வெள்ளை என்று அவர் சொன்னது சுத்தமாக வரவேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் தாமதமாக ஓடிவந்தார். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறிவிட்டார்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இழுத்து நிறுத்தி, படபடவென்று எடுத்துத் தள்ளினார். மூச்சு விட நேரம் கிடைத்தபோதுதான் திரையைப் பார்த்தார். அப்புறம் என் சட்டையைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது தம்பி."

"உங்க மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது இப்ப இந்த மாப்பிள்ளை மூஞ்சியில இருக்கு. பாருங்க."

பார்த்தேன். திரையில் மாப்பிள்ளை காமாலை கண்டவர் மாதிரி இருந்தார். தலையைத் தூக்கி மேடையில் நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தேன், நல்லபடியாகத்தான் இருந்தார். மறுபடி திரை, மறுபடி மேடை. சட்டை நுனியை விரலால் தேய்த்து, சாயம் கையில் வருகிறதா என்றுகூடப் பார்த்தேன். வரவில்லை. இன்றைய நாள் கணக்கில் சேராது என்று அவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி நம்பவில்லை. சட்டை என்மேல் இருக்கும்போது கலர் மட்டும் எப்படி அடுத்தவன் முகத்துக்குப் போகும் என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன் என்றேன். மருமகனைக் குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் சட்டையை முக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சாயம் போகுதா? சொல்லுங்க, போகுதா?" போகவில்லை. மகள் அன்றைக்குப் போன் செய்தாள். நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஸ்டூடியோக்காரர் மறுபடி கிடங்குக்கு வந்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தார். கம்ப்யூட்டரில் போட்டு அந்தப் படங்களின் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தாராம். முகமும் ஹாலும் ஒரே வீச்சில் சேர்ந்து சரியாகிவிட்டதாம். ஹால் வெளிச்சமும் மஞ்சள், என் சட்டையில் பட்டுத் திரும்பியதும் மஞ்சள், இரண்டும் ஒரே கலர் என்பதால் ஒன்றாக மாற்ற முடிந்தது என்றார். மாப்பிள்ளை வீட்டில் பெரிய படமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"அந்தச் சட்டை தங்கம்ணே. அடுத்ததுக்கும் அதையே போட்டுட்டு வந்துடுங்க."

அந்த நாள் கணக்கில் சேருமா என்று கேட்டேன். சேரும் என்றார். திட்டு வாங்கியதும் அந்தச் சட்டைக்குத்தான், டீ குடித்ததும் அந்தச் சட்டைக்குத்தான். வீட்டில் சொன்னேன். "சாயம் போகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் மனைவி.

மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு. இது முடிந்தால் ஆல்பம். மனைவி மகளிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாள். மகள் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். இனிமேல் தவறினால் தலைகாட்ட முடியாது.

சந்தனச் சட்டையில் போய் மேடை ஓரமாக நின்றேன். அந்த ஹாலில் வரிசையாக வெள்ளை டியூப் லைட். கூரை உயரத்தில் தகரம். ஸ்டூடியோக்காரர் ஒரு படம் எடுத்தார், திரையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பரிசு வாங்கின பையன் மட்டும் மஞ்சள், சுற்றிலும் எல்லாம் வெள்ளை.

"சட்டையைக் கழட்டுங்கண்ணே."

"நீங்கதானே தம்பி போடச் சொன்னீங்க?"

"இங்க லைட்டு வேறண்ணே. உள்ள பனியன் வெள்ளைதானே? கழட்டுங்க, அடுத்த பேரைக் கூப்பிடப் போறாங்க."

பனியன் வெள்ளைதான். மூட்டை உரசி உரசித் தோள் பக்கம் சல்லடையாகியிருந்தது. எதிரே முந்நூறு பேராவது இருப்பார்கள். அவர் சட்டையைத் தரச் சொல்லலாம் என்றால் அது கறுப்பு. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அலமாரிக்குள் நிற்கிற மகள் முகம் நினைவுக்கு வந்தது. பொத்தானைக் கழற்றினேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் பார்த்தார்கள். ஒன்று இன்னொன்றின் விலாவில் இடித்தது. சிரிப்பு பின்வரிசைவரைக்கும் போனது. ஃப்ளாஷ் என் நெஞ்சில் பளீர் பளீரென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சிறுமிக்குக் கோப்பையை நீட்டின தலைமை ஆசிரியை கையை அப்படியே நிறுத்திவிட்டு, இது யார் என்று கேட்டார்.

"லைட்டுக்குங்க மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

தலைமை ஆசிரியைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தாலாவது எடுத்துச் சொல்லியிருப்பேன். வாட்ச்மேன் வந்து முழங்கையைப் பிடித்து, மரியாதையாகத்தான், வெளியே கூட்டிக்கொண்டு போனார். படிக்கட்டில் உட்கார்ந்து சட்டையை மாட்டினேன். பொத்தான் மாறி மாறி விழுந்தது.

எல்லாம் முடிந்து ஸ்டூடியோக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன்.

"தம்பி, எனக்கு இந்த வெளிச்சம் புரியல, புரியவும் வேணாம். வெள்ளையில வரச் சொன்னீங்க, வந்தேன். மஞ்சள்ல வந்தேன்னு திட்டுனீங்க. அதே மஞ்சளைப் போட்டுட்டு வரச் சொன்னீங்க, போட்டுட்டு வந்தேன். கழட்டச் சொன்னீங்க, அத்தனை பேர் முன்னாடி கழட்டினேன். நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு உண்டானதைப் பாக்கியில வெச்சுக்கிட்டு மீதியைக் கழிங்க."

அவர் கேமராவைத் திருப்பி என்னிடம் நீட்டினார். நான் பனியனோடு நின்றபோது எடுத்த படங்கள். கோப்பை வாங்குகிற சிறுமியின் முகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. மஞ்சளும் இல்லை, மினுக்கலும் இல்லை. வாய் நிறையச் சிரிக்கிறாள். ஆனால் அவள் கேமராவைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்க்கவில்லை. இடது பக்கமாக, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். அடுத்த படத்தில் ஆசிரியைகளும் அங்கேதான் பார்க்கிறார்கள்.

"பத்து வருஷமா பள்ளிக்கூட ஃபங்ஷன் எடுக்கறேன். ஒரு பிள்ளையும் இப்படிச் சிரிச்சதில்ல" என்றார். "ஆனா எல்லாரும் எங்கயோ பாக்கறாங்க. இதை வாங்குவாங்களா, மூஞ்சியில விட்டெறிவாங்களான்னு தெரியல. இது நல்ல படமா கெட்ட படமான்னு எனக்கே புரியலண்ணே."

அவருக்கும் புரியவில்லை என்று கேட்டதும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரைக்கும் அவருக்காவது தெரியும் என்று நம்பித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் கடைக்குப் போனோம். என் சைக்கிளைப் போகும்போதே அந்தக் கடை வாசலில்தான் விட்டிருந்தேன். அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்து, தூசியைத் தன் கறுப்புச் சட்டையிலேயே துடைத்து என் கையில் வைத்தார்.

"எட்டாயிரத்து எழுநூத்தம்பது. முடிஞ்சுதுண்ணே."

இன்றைக்கு நின்றதையும் சேர்த்துத்தானா, இல்லை விட்டுக்கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலண்ணே. ஆனா பாக்கி இல்ல."

"சரி தம்பி. பாக்கி இல்ல" என்றேன் நானும்.

கேரியரில் கட்டினால் கயிறு அட்டையை அழுத்திவிடும் என்று தோன்றியது. ஒரு கையால் ஆல்பத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.