பத்துக்கு எவ்வளவு

யோகாப் பாயில் மல்லாந்து கிடந்த ஆள்மேல் ஆறு தலையணைகளை அடுக்கினார்கள். அவன் பெயர் கௌரிசங்கர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மனக்காயத்தை ஆற்றும் வித்தையைக் கற்றுக்கொள்ள, குற்றாலத்து ரிசார்ட்டில் மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டி வந்த பதினெட்டுப் பேரில் ஒருவன். இப்போதைக்கு அவன்தான், குவாரியில் கல் விழுந்து செத்துப்போன கடற்கரை என்கிற ஆள். தலையணைதான் கல்.

"வேல்சாமி சார், இவர்தான் உங்க நண்பர். அவர்கிட்ட சொல்லாம உள்ளயே வச்சிருக்கிறது எதுவோ, அதைச் சொல்லுங்க" என்றார் வகுப்பு நடத்தும் ராகவேந்திரன். வெள்ளை ஜிப்பா. நெய் ஊற்றின மாதிரி குரல்.

வேல்சாமி குனிந்து பார்த்தான். கௌரிசங்கரின் தொப்பையோடு சேர்ந்து தலையணைகள் ஏறி இறங்கின. சென்ட் வாடை குப்பென்று அடித்தது. கடற்கரை கல்லுக்கடியில் கிடந்தபோது அடித்த வாடை வேறு. கல்பொடியும் ரத்தமும் மலமும் கலந்த வாடை. பத்து விரல் நகமும் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று தோண்டி இழுத்தபோது, இடுப்புக்குக் கீழே தனியாக வந்துவிடுமோ என்று பயந்து பாதியில் இழுப்பதை நிறுத்தினான். அதையெல்லாம் தலையணையில் செய்து காட்ட முடியாது.

எட்டு மாதமாக அவன் குவாரிக்குப் போகவில்லை. கடப்பாரையைத் தொட்டாலே கை உதறும். தெருவில் டிப்பர் லாரி ஜல்லி கொட்டினால் வீட்டுக்குள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வான். தென்காசி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. பதினைந்து நாளுக்கொருதரம் வந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்றார் டாக்டர். இரண்டு தடவை போய், மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வந்தான். அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமி இந்த ரிசார்ட்டில் அறை பெருக்குகிறாள். நிஜமாகவே மனசு அடிபட்ட ஆள் யாராவது கிடைப்பார்களா, பயிற்சிக்கு வேண்டும், காசு வாங்க மாட்டோம் என்று ராகவேந்திரன் விசாரித்தபோது, புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள்.

"மூச்சை இழுங்க. கையை நெஞ்சுல வைங்க. கண்ணை மூடுங்க. இந்த இடம் பாதுகாப்பான இடம்."

கண்ணை மூடினான். வெளியே சாரல் தகர ஓட்டில் விழும் சத்தம். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது, வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"நான் கூப்பிடல."

"யாரை?"

"கல்லை நெம்புததுக்கு முன்னால மேல நிக்கவன் 'கீழ ஆளு'ன்னு சத்தம் குடுக்கணும். கீழ நிக்கவன் 'ஏய்'ம்பான். அந்த ஏய் வந்தாத்தான் நெம்பணும். அன்னைக்கு நான் கூப்பிடல. டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். காலையில இருந்து கத்தித் தொண்டை காஞ்சிருந்துச்சு. கல்லு தானாச் சரிஞ்சுதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

அறையில் யாரோ விசும்பினார்கள். தலையணைகளுக்கடியிலிருந்து கௌரிசங்கர் கையை நீட்டி வேல்சாமியின் விரலைப் பிடித்தான். பிசுபிசுவென்று, சோப்பு நுரை மாதிரியான கை.

"நான் உங்களை மன்னிச்சிட்டேன் ப்ரோ" என்றான்.

மற்ற பதினேழு பேரும் கை தட்டினார்கள்.

வேல்சாமி விரலை உருவிக்கொண்டான். கடற்கரை இருந்தால் மன்னிக்கிறேன் என்றா சொல்வான்? 'ஏலே, ஒரு சத்தம் குடுக்க ஒனக்கு வாய் வலிச்சிட்டோலே' என்று செவிட்டில் அறைந்திருப்பான். வகுப்புக்கு வந்திருந்த ஸ்மிருதி என்ற பெண் காகிதக் கைக்குட்டையை நீட்டி, கையில் அட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், வரும்போது உங்க வலி பத்துக்கு பத்துன்னு சொன்னீங்க. இப்ப பத்துக்கு எவ்வளவு?"

அவன் காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளாக மூன்று என்று எழுதிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் டீ கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்த பிறகுதான் கவனித்தான், டம்ளர் ஆடவில்லை. எட்டு மாதத்தில் முதல்தடவையாகச் சிந்தாமல் குடிக்கிறான். நெஞ்சில் கிடந்த பாரமும் பாதியாகியிருந்தது. அந்தக் குட்டி எழுதின மூன்று சரிதான். அதுதான் அவனுக்கு ஆகவேயில்லை. கடற்கரை செத்தான், இங்கே கை தட்டினார்கள், எனக்கு லேசாகிவிட்டது. எச்சில் இலையை வழித்துத் தின்று வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. மிச்ச டீயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

துடைப்பமும் வாளியுமாக ஜோதிலட்சுமி வாசலில் நின்றாள். அவன் உள்ளே சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"எங்க போறிய?"

"கடையத்துக்கு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கடையத்துப் பக்கம்தான் கடற்கரையின் பெண்டாட்டி அகிலாண்டேஸ்வரி இருக்கிறாள். புருஷன் உடம்பைச் சிதையாமல் எடுத்துக் கொடுத்த மனுஷன் என்று வேல்சாமியைக் கும்பிடாத குறையாகப் பேசுகிறவள். பொங்கலுக்குக்கூட கரும்பு கொடுத்துவிட்டிருந்தாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? கைநடுக்கம் நின்னுட்டுல்லா? நாளைக்கு வேலைக்குப் போற வழியப் பாருங்க. அவட்டப் போயிச் சொன்னா அவ சும்மா இருப்பாளா? போலீசு, கேசுன்னு அலையவா? நமக்கும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு."

"இந்தப் பயலுவட்டச் சொன்னனேட்டி. யாருன்னே தெரியாது. அவட்டச் சொல்லல."

"இவங்க நாளைக்கழிச்சு ஊருக்குப் போயிருவாங்க. அவ போக மாட்டா."

அவள் சொன்னது நியாயம். அதற்கு மேல் நின்றால் நியாயத்துக்குக் கட்டுப்பட்டுவிடுவோம் என்று தெரிந்து, மழையிலேயே நடந்து பஸ் ஏறினான். தென்காசியில் மாறி கடையத்தில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. இங்கே ஒரு பொட்டுச் சாரல் இல்லை.

அகிலாண்டேஸ்வரி வாசல்நடையில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், இடதுகையில் அளவுத் தகடு.

"வாங்கண்ணே. என்ன இந்நேரத்துல? மதினி சொகமா? இருங்க, மோர் கொண்டாறேன்."

"வேண்டாம்மா. உக்காரு."

நின்றபடியே தொடங்கினான். "நான் இத்தனை நாளா உள்ளயே வச்சிருந்த ஒண்ணை..." சொல்லிக்கொண்டு வரும்போதே அது தன் பேச்சில்லை என்று தெரிந்தது. அந்த ஜிப்பாக்காரன் பேச்சு. வலது கை நெஞ்சில் இருந்தது. அவள் அந்தக் கையையே விசித்திரமாகப் பார்த்தாள். சட்டென்று கீழே இறக்கினான்.

"நான்தாம்மா அவனைக் கொன்னேன். கல்லு தானாச் சரியல. கீழ ஆளுன்னு சத்தம் குடுக்காம நெம்பிட்டேன். டீக்கடைக்குப் போயிட்டான்னு நெனச்சிட்டேன்."

அவள் அழவில்லை. கத்துவாள், மண்ணை வாரி வீசுவாள் என்று பஸ்ஸில் வரும்போதே முகத்தைத் தயார்செய்து வைத்திருந்தான். அடுத்த வீட்டு ரேடியோவில் உர விளம்பரம் முடிந்து செய்தி தொடங்கியது.

"டீ குடிக்கப் போகலையா அவரு?"

"போகல."

"என்ன செஞ்சிட்டிருந்தாரு?"

அவனுக்குத் தெரியாது. எட்டு மாதத்தில் அதை ஒருதரம்கூட யோசித்ததில்லை. டாக்டர் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை, அந்தப் பதினெட்டுப் பேரும் கேட்கவில்லை.

"தெரியலம்மா."

அவள் தலையைக் குனிந்து இலையை எடுத்தாள். தகட்டை வைத்து வெட்டினாள். கோணலாகப் போனது. தட்டிவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதுவும் கோணல். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கத்தரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கும் ஆகாத இலைகள் அவள் காலடியிலிருந்து சரிந்து, அவன் நின்ற இடம் வரைக்கும் வந்தன.