காதால் தேடிய கடை

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியிலிருந்து பத்து நாள் வெளிநாட்டுப் பயிற்சிக்கு உத்தரவு வந்ததும், அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா?" என்பதுதான். கம்பெனிக்காரர்கள் தாராளமாக என்றார்கள்.

வீட்டம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையைக் கட்டி மேய்ப்பவள். இருபத்திரண்டு வருடமாக நாளொன்றுக்கு நானூறு தட்டு. உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, கரைத்துக் குழாயில் ஊற்றுவது என்று ஊரார் வயிற்றுக்கெல்லாம் பதில் சொன்னவளுக்கு, யாரோ சமைத்து யாரோ பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் எழுந்து வருவதே பெரிய சொகுசு.

"பகல்ல எனக்கு வகுப்பு. நீ ஊரைச் சுத்தி நல்ல கடையாப் பாத்து வை. சாயங்காலம் போய் ஒரு பிடி பிடிப்போம்" என்றார் அவர்.

அவள் கடை பார்க்கும் விதமே தனி. வாசலில் தொங்கும் படங்களையோ கண்ணாடிக் கதவையோ ஏறிட்டும் பார்க்கமாட்டாள். காலையிலேயே பின்பக்கச் சந்துக்குப் போய்விடுவாள். குப்பைத் தொட்டியில் தகர டப்பா அதிகமா, காய்கறித் தோல் அதிகமா? தரை துடைக்கும் துணி என்ன நிறம்? வேலைக்காரர்கள் தங்கள் கடைச் சாப்பாட்டையே சாப்பிடுகிறார்களா, இல்லை வெளியிலிருந்து வாங்கி வந்து பிரிக்கிறார்களா? இந்த மூன்றையும் பார்த்தால் அவளுக்குப் போதும். பாஷை தெரியாத ஊரில் இதற்குப் பாஷையே தேவைப்படவில்லை.

முதல் இரண்டு நாளும் கைமேல் பலன். நெய்யும் பூண்டும் மணக்கும் கடை ஒன்று, சுட்ட மீனுக்கு ஒன்று. "பிரமாதம்!" என்றார் இரண்டு நாளும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை கொட்டியது. சந்து சந்தாக அலைய முடியாமல், தங்கியிருந்த ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையிலேயே சாயங்காலம் போய் உட்கார்ந்தார்கள். கெட்டியான சூப் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பிடித்த பாத்திரம். சுரண்டிக் கலக்கி, மிளகுத்தூளை வாரிக் கொட்டி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

எதிரே அவர் ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம். நேத்துக் கடையை விட இது ஒரு படி மேல!"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மேசையில் வைத்திருந்த, கை துடைக்கும் ஈரக் காகிதத்தைப் பிரித்து அவர் மூக்கருகே நீட்டினாள். எலுமிச்சை வாசனை பத்தடி தூரத்துக்கு வீசியது.

"இது என்ன வாசனைங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ம்... ரோஜா?"

"எத்தனை நாளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேன்ல... அதுலேருந்து. எட்டு மாசம் இருக்கும். உப்பு, புளிப்பு, உறைப்பு தெரியுது. மத்தது எல்லாம் அட்டையை மெல்ற மாதிரிதான். வேலையிலகூட மோட்டார் கருகுனா தெரியலை. கையை வச்சுத்தான் சூடு பாக்கறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிம்மா சொல்றது? ஊரே உன் கையை மெச்சுது. எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்ல வாய் வரலை."

திரும்பி நடக்கும்போதும் மழை விடவில்லை. இருந்தது ஒரே குடை. அவள் விறுவிறுவென்று இரண்டடி முன்னால் போனாள். அவர் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பாராமலே குடையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். ஆளுக்குப் பாதி நனைந்தபடி ஓட்டல் போய்ச் சேர்ந்தார்கள்.

அறையில் தலையைத் துவட்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "உங்க தங்கச்சி வந்தப்போ ரெண்டு மணி நேரம் நின்னு வறுத்து அரைச்சேனே, அது?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "உப்பு சரியா இருந்துச்சு."

சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

காலையில் அவர் வகுப்புக்குப் போன பிறகு, அவள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது எங்கேயோ போயிருந்தது. எட்டு மாதம் அட்டையை மென்றுகொண்டு, ஒரு வேளைகூட மிச்சம் வைக்காமல், தட்டைத் துடைத்து வைத்த மனுஷன். ஆஸ்பத்திரியில் இப்படி வாசனை போனவர்கள் எத்தனை பேருக்கு அவளே பார்த்துப் பார்த்துத் தட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறாள்! நானூறு தட்டில் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு வீட்டிலிருந்த ஒரே தட்டில் தெரியவில்லை.

அன்றைக்குப் பின்பக்கச் சந்துக்குப் போகவில்லை. மணம் எட்டாத வாய்க்கு மொறுமொறுப்பாவது எட்டுமே என்று, கடை வாசல்களில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு கடையில் பாட்டுச் சத்தம். ஒன்றில் கரண்டிகளின் கிணுகிணு. மத்தியானத்துக்குமேல், ஒரு காகிதக் கடைக்குப் பின்னால், ஆறே மேசை போட்ட ஒரு சின்ன இடத்திலிருந்து கேட்டது அந்தச் சத்தம்: யாரோ எதையோ கடிக்கிறார்கள். மொறுக். உடனே அடுப்பில் 'சொய்ங்' என்று ஏதோ விழுந்தது.

உள்ளே போனாள். கடைக்காரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். விஷயத்தை எப்படிச் சொல்வது? இவள் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டைக் காட்டி, தலையை ஆட்டினாள்.

கடைக்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தன் கடை நாறுகிறது என்றா சொல்கிறாள் இவள்? கரண்டியோடு வெளியே வந்து வாசலைக் காட்டினாள்.

"ஐயையோ, அது இல்லீங்க!" என்று தமிழிலேயே பதறிக்கொண்டு, இவள் கைப்பேசியைத் துழாவி அவருடைய படத்தை எடுத்தாள். படத்திலிருந்த மூக்கின்மேல் விரலை வைத்து, இல்லை இல்லை என்று கையை விரித்தாள். பிறகு, என் வீட்டுக்காரர் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

கடைக்காரம்மா படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ..." என்று இழுத்தாள். அந்த 'ஓ' எல்லா ஊருக்கும் பொது. இவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, தட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று கையால் சொன்னாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை புரியாமல் ஓயாமல் பேசினார்கள்.

சாயங்காலம் அவருக்கு முன்னால் ஒரு பெரிய தட்டு வந்தது. கொதிக்கக் கொதிக்க ஒன்று, பல் கூசும் அளவுக்குச் சில்லென்று ஒன்று. பொரித்த மீன், வறுத்த பருப்பு, புளிப்பில் ஊறிய காய், நடுவில் வெண்மையாக ஏதோ ஒன்று. அவர் ஒரு மீன் துண்டைக் கடித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார், அத்தனை சத்தம்.

அவர் இன்னொன்றை எடுத்தார். சில்லென்றதையும் சூடானதையும் சேர்த்து ஒரு வாய். உறைப்பில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"பேசாம இரும்மா, சாப்பிடறேன்" என்றார். அப்புறம் நடுவிலிருந்ததை விரலால் தள்ளினார். "இது மட்டும் நல்லா இல்லை. வழவழன்னு கிடக்கு."

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து 'நல்லா இல்லை' என்று வந்த சொல். அவளுக்கு ஓடிப்போய்க் கடைக்காரம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைக்காரம்மாவோ அந்த வெள்ளையை முறைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போய், அந்த இடத்தில் இன்னும் இரண்டு மீனை வைத்துவிட்டுப் போனாள்.

வயிறு நிரம்பியதும் அவர் நாற்காலியில் சாய்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"இந்தக் கடை என்ன வாசனை?" என்று கேட்டார்.

அவள் கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்தாள். "வறுத்த எள்ளு. அந்த ஊறுன காயோட காடிப் புளிப்பு. மழையில நனைஞ்ச கோட்டு ஒண்ணு, யாரோடதோ தெரியலை. அப்புறம், அந்த அம்மா தலைக்குத் தேய்ச்ச எண்ணெய்."

"எண்ணெய் எப்படி?"

"கொஞ்சம் தூக்கலா" என்றாள் அவள் ரகசியக் குரலில்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமலே அடுப்பங்கரையிலிருந்து கடைக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.