டோக்கியோவுக்கு மட்டும் ஒரு பாட்டு

அகாசகாவில் இருந்த அந்த இசைத்தட்டு நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. தெரிந்தவள் மசாயோ குரிபயாஷி. அவள் நிறுவனத்தின் ஆளே அல்ல. பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வரிகளை ஜப்பானிய மொழியில் எழுதிக்கொடுப்பவள்.

பிரிவின் தலைவர் ஹட்சுகானோ. வெளிநாட்டு ஆல்பம் எது வந்தாலும் அதற்கு ஜப்பானியப் பெயர் சூட்டுவதில் அவருக்கு அலாதி இன்பம். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஆல்பத்துக்கு 'மாலை ஏழு மணிக் கண்ணீர்' என்று பெயர் வைத்த மகான் அவர். எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்கமாட்டார். கேட்டால் ஏதாவது அபிப்பிராயம் வந்து தொலைக்கும், விற்பனைக்கு அது ஆகாது என்பார்.

அந்த வருடம், 1996, கேரி டன்வுட் என்ற ஆங்கிலேயப் பாடகனின் மூன்றாவது ஆல்பம் வரவிருந்தது. சொந்த ஊரில் மதுக்கடைக்காரன்கூட அவனைப் பாட அழைப்பதில்லை. ஜப்பானில் மட்டும் அமோகமாக விற்றான். ஒரே ஒரு தொல்லை. இங்கிலாந்தில் அச்சான தட்டு இரண்டு வாரம் முன்பே ஷிபுயா கடைகளுக்கு வந்துவிடும், விலையும் குறைவு. பிறகு உள்ளூர்ப் பதிப்பை யார் வாங்குவார்கள்? வேறெங்கும் கிடைக்காத ஒரு பாட்டை அதில் கூடுதலாகச் சேர்த்தால் வாங்குவார்கள். அந்த ஒரு பாட்டுக்காக ஹட்சுகானோ டன்வுட்டுக்கு திரும்பத் திரும்பத் தொலைநகல் அனுப்பினார். கடைசியில் ஒரு நாடா வந்தது. வரிகள் எழுதிய தாள் கூட வரவில்லை.

மசாயோ வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு கிதார், தூங்கி வழியும் ஒரு குரல். நான்கு முறை ஓடவிட்டு எழுதினாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மறுநாள் தாளை ஹட்சுகானோவின் மேசைமேல் வைத்தாள். அவர் படித்தார்.

"டோக்கியோவுக்கு இன்னொரு பாட்டு வேணுமாம். நாயை அனுப்பு, அதுவே போதும். எதைப் போட்டாலும் வாங்குவாங்க, காசு கொடுத்து நன்றியும் சொல்லுவாங்க..." தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, குரிபயாஷி சான்?"

"பாட்டு. நம்மளத் திட்டி எழுதியிருக்கான்."

"ட்யூன் சோகமா இருக்குன்னு பசங்க சொன்னாங்களே."

"சோகமாத்தான் திட்டறான்."

ஹட்சுகானோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மழை, ரயில் நிலையம், அவ திரும்பிப் பாக்காம போறா. இப்படி ஒண்ணு எழுதிக் கொடுங்க. பேருகூட யோசிச்சு வெச்சுட்டேன். 'நீ போன பிறகு பெய்த மழை'."

"அந்தப் பாட்டுல மழையே இல்ல சார்."

"ஜப்பான்ல இருக்கு."

"அப்ப நீங்களே எழுதிக்கோங்க. என் பேரு மட்டும் வேண்டாம்."

எழுதிக்கொண்டார்கள். ஹட்சுகானோவின் உதவியாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் எழுதி முடித்துவிட்டார். தட்டோடு தரும் பாட்டு வரிக் கையேடு அச்சாகி வந்தபோது கீழே 'மொழிபெயர்ப்பு: மசாயோ குரிபயாஷி' என்றிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, பழைய கையேட்டின் அச்சுப்படியையே பயன்படுத்தியதால் பெயரை எடுக்க மறந்துபோனதாகச் சொன்னார்கள்.

அந்த ஆல்பம் வெளிநாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்ததே அந்தக் கூடுதல் பாட்டுதான். ஓர் இசை விமர்சகர், அந்தத் தூக்கக் குரலில் ஒரு தலைமுறையின் காயம் தெரிகிறது என்று இரண்டு பக்கம் எழுதினார். அவருக்கு அந்தக் காயம் தெரிந்தது கையேட்டில்தான் என்பதில் மசாயோவுக்குச் சந்தேகமில்லை. இலையுதிர்காலத்தில் டன்வுட் கச்சேரிக்கு வந்தான். நகோயாவில் ரசிகைகள் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தியபோது அவனுக்கு வரிகளே நினைவில்லை. நாடாவைத் தேடிப் பிடித்து விடுதியில் மனப்பாடம் செய்து, மறுநாள் முதல் ஊர் ஊராகத் திட்டிப் பாடினான். பெண்கள் கைக்குட்டையோடு அழுதார்கள். மசாயோவுக்கு அவன்மேல், ஹட்சுகானோமேல், அழுதவர்கள்மேல் எல்லாம் ஒரே அளவு இளக்காரம். இத்தனை லட்சம் காதில் ஒரு காதுகூடவா திறந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டோடு வைத்திருந்த கருத்து அட்டைகளில், மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு வந்தவற்றைக் கட்டி அவளுக்கு அனுப்பினார்கள். 'உங்கள் வரிகள் என் வாழ்க்கை' என்ற ரகம்தான் எல்லாம். நடுவில் ஒன்று, கனஸவாவிலிருந்து. மினேகோ ட்சுஜியோகா, பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் என்று போட்டிருந்தது. சின்னச் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

'அவன் என்ன பாடுகிறான் என்பது எனக்குப் புரிகிறது. அவன் நம்மை மதிக்கவில்லை, அது அவன் இஷ்டம். நீங்களும் மதிக்கவில்லையே. எங்களுக்குப் புரியாது என்று நினைத்தீர்களா? வெட்கமாக இல்லையா?'

மசாயோவின் காது சூடானது. அது நான் எழுதியதில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் புரியாது என்று நினைத்தது அவள்தான். அதற்கு எந்த உதவியாளரையும் கைகாட்ட முடியாது.

தன் பழைய தாளைத் தேடி எடுத்து, அழகாகப் பிரதி செய்து, நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கனஸவாவுக்கு அனுப்பினாள். இனி எங்களோடு வேலையில்லை என்று சொல்ல ஹட்சுகானோவுக்கு இது போதும் என்பது தெரிந்தேதான் அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. நன்றி என்று ஒரு சொல். அதன் கீழே: 'இரண்டாவது வரியில் நாய் இல்லை. மண்டி. பீப்பாயின் அடியில் தங்குமே, அந்த மண்டி. ஆங்கிலத்தில் டாக்ஸ், ட்ரெக்ஸ் இரண்டும் அவன் குரலில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் காதில் விழும். திரும்பக் கேட்டுப் பாருங்கள்.'

மசாயோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். மண்டிதான்.