காயாத பனி

துர்சுனாய் மலைச்சரிவில் சுண்டுவிரலை வைத்தாள். நேற்றுப் பூசிய பனி மேலே சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. அடியில் இன்னும் கூழாகவே இருந்தது. பளிங்கு மாவையும் வெள்ளைப் பசையையும் குழைத்துப் பூசி, அதன்மேல் பழைய காலுறையில் கட்டிய கண்ணாடித் தூளைத் தட்டித் தட்டி உதிர்த்தால், காய்ந்ததும் பனி. காய வேண்டும், அதுதான் சிக்கல். நரீன் நகர அருங்காட்சியகத்தின் பின்கட்டுப் பட்டறையில் எதுவும் காய்வதில்லை. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைப் போன வருடம் அறுத்து, இயக்குநர் அறைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். அங்கே அவர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். ஜன்னலில் செடி பூத்திருக்கும்.

"பனி செய்யறதுக்கு வெயில் கேட்கிற ஆளுங்க நாமதான்," என்றார் மம்பெத். சொல்லிவிட்டு இருமினார். காட்சிக்கு வைக்கப்போகும் அந்தக் குட்டி மலையை நுரைப்பலகையில் வெட்டி, ஆடுகளையும் ஆட்டுக்காரனின் குளிர்கால வீட்டையும் வைத்தவர் அவர்தான். இன்னொரு குளிர்காலம் இந்த அறையில் உட்கார்ந்தால் நுரையீரல் தாங்காது, வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மனைவியிடம் சொல்லவில்லை. துர்சுனாயிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இயக்குநர் எசென் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே வந்தால் மேல்கோட்டு போட வேண்டியிருக்கும்.

"வெள்ளிக்கிழமை ஆளுநர் வரார். பனி எங்க?"

"குளிர்ல பசை பிடிக்க மாட்டேங்குது சார். பொடிஞ்சு வெடிச்சுப் போயிடும். ஒரு ஹீட்டர் குடுத்தீங்கன்னா பனியும் காயும், அண்ணனும் பொழைச்சுப்பாரு."

"மொதல்ல ஆளுநர் பாராட்டட்டும். மறுநாளே ஹீட்டர். என் வார்த்தை."

"மறுநாள் சனிக்கிழமை சார்," என்றார் மம்பெத்.

"திங்கள்," என்று இயக்குநர் திருத்திக்கொண்டு போய்விட்டார்.

காவலாளியிடம் ஒரு தகர அடுப்பு சும்மா கிடந்தது. துர்சுனாய் அதைக் கெஞ்சி வாங்கி வந்தாள். ஆட்டுச்சாண வரட்டியை அடுக்கி மூட்டினார்கள். அந்த ஊரில் அடுப்பு என்றாலே வரட்டிதான், வேறு யோசனை யாருக்கும் வராது. புகைக்குழாயை உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். காற்று திசை மாறி, புகை மொத்தமும் உள்ளேயே திரும்பியிருந்தது. வந்து பார்த்தபோது பனி கல்லாகக் காய்ந்திருந்தது. ஆட்டுக்காரன் வீட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளும் சாம்பலுமாக அழுக்கேறிக் கிடந்தது.

"போச்சு! மலை பீடி குடிக்கக் கத்துக்கிச்சு," என்று மம்பெத் தலையில் கை வைத்தார். "சுரண்டி எடு. நாளன்னிக்கு வெள்ளி."

துர்சுனாய் குனிந்து கண்ணை வீட்டுக்கூரை மட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

"அண்ணே, இந்த வீட்ல ஆளு இருக்குல்ல?"

"இல்லாமலா? நான்தான் புகைக்கூண்டே வச்சேன்."

"அப்போ அடுப்பு எரியுது. காத்து இந்தப் பக்கமா அடிக்குது. அவ்வளவுதான்."

காற்று வந்து மோதும் பக்கத்தில் பனியை மெல்லிசாகச் சுரண்டி, கீழே புல் தெரிய விட்டாள். மறுபக்கம், புகைக்கறையை அப்படியே விட்டுவிட்டு, சுவரோரமாக மட்டும் அள்ளிக் குவித்தாள். குவித்ததும் சுவரை ஒட்டி விரல்நகத்தால் ஒரு பள்ளம் கீறினாள். உள்ளே அடுப்பு எரியும் வீட்டில் பனி சுவரைத் தொடாது. பட்டியிலிருந்து ஓடைக்குப் போகும் தடத்தை ஆறிய தேநீரில் நனைத்த தூரிகையால் மிதித்து மிதித்துப் பழுப்பாக்கினாள். உச்சியில் மட்டும் கை வைக்காமல், விளிம்பு பிதுங்கி அந்தரத்தில் தொங்குகிற மாதிரி விட்டுவைத்தாள். இரண்டு ஆடுகளின் முதுகில் கண்ணாடித் தூள் தூவினாள். மூன்றாவதன் முதுகில் தூவவில்லை.

"அது?"

"இப்பத்தான் பட்டியிலேர்ந்து வெளிய வந்துச்சு."

மம்பெத் இரும மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆளுநர் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தவர், நிமிரவில்லை. தொப்பியைக் கழற்றினார். கூட வந்தவர்களும் அவசரமாகக் கழற்றினார்கள்.

"எங்கப்பன் வீடுய்யா இது," என்றார். "அந்தப் பக்கந்தான் எங்கம்மா சாம்பல் கொட்டும். வரட்டி வாசனைகூட வருது பாரு!"

வாசனை நிஜமாகவே வந்தது.

"யாரு செஞ்சது?"

"நாங்கதான்," என்றார் இயக்குநர், நெஞ்சில் கை வைத்து. துர்சுனாயும் மம்பெத்தும் கதவோரம் நின்றிருந்தார்கள். விருந்தாளிகளின் மேல்கோட்டுகள் அவர்கள் கைகளில் மூக்குவரை குவிந்திருந்தன.

"பத்திரமா பாத்துக்குங்க," என்றார் ஆளுநர்.

சொன்னபடி திங்கட்கிழமை ஹீட்டர் வந்தது. புத்தம்புதுசு. மம்பெத்தே வண்டியிலிருந்து இறக்கி, நெஞ்சோடு அணைத்தபடி பட்டறைப் பக்கம் நடந்தார். துர்சுனாய் அதற்குள் பெஞ்சின் கீழே இடம் ஒதுக்கியிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் இயக்குநர். "காட்சிக் கூடத்துக்குக் கொண்டு போங்க. குளிர்ல பனி வெடிச்சுப் போயிடும்னு இவதானே சொன்னா?"

அவள் சொன்னதுதான் அது.

மம்பெத் அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே வைத்து, முட்டிபோட்டு மின்செருகியைச் சொருகினார். கம்பிகள் மெல்லச் சிவந்தன. அவர் எழுந்திருக்காமல் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றார் இயக்குநர். "சூட்ட மறைக்கிறீங்க."

மம்பெத் தள்ளிக்கொண்டார். வெக்கை பனியில் நின்ற ஆடுகளின் மேல் போய் விழுந்தது.