வில்லாபுரத்தில் கிடைக்காத மாத்திரை

முந்தின இரவு ஆணுறை கிழிந்துபோயிருந்தது. மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்பதில் முனீஸ்வரிக்கும் செல்வக்குமாருக்கும் இரண்டு பேச்சு கிடையாது. காலையில் அவன் சரக்கு ஆட்டோவோடு சமயநல்லூருக்குக் கிளம்பினான். அவள் பெரியவளைப் பள்ளியிலும் சின்னவனைப் பால்வாடியிலும் விட்டுவிட்டு, வில்லாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, கரு தங்காம இருக்க மறுநாளே போடுவாங்கள்ல, அந்த மாத்திரை இருக்கா?"

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதைத் தடை பண்ணிட்டாங்கம்மா."

அடுத்த கடையில் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த கடையில் அப்படி ஒரு மாத்திரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். மூன்றில் எது நிஜம்? வழியில் சூப்பர் மார்க்கெட்டில், பில் போடும் இடத்திலேயே மிட்டாய்க்குப் பக்கத்தில் ஆணுறைப் பாக்கெட்டுகள் தொங்கின. அதை யாரும் தடை செய்யவில்லையே என்று அவளுக்குக் குழப்பம் கூடியது.

செல்வக்குமாருக்குப் போன் போட்டாள். "ஆளுக்கொண்ணு சொல்றாய்ங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

"நீ வீட்டுக்குப் போ, நான்..." லாரிச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி கே.கே. நகரில் இறங்கி, ஒரு பெரிய மருந்துக்கடைக்குள் நுழைந்தாள். வெள்ளைக் கோட்டில் சுஷ்மா என்று பெயர் குத்தியிருந்த பெண் சாதாரணமாக ஒரு சின்ன அட்டையை எடுத்து வைத்தாள்.

"இது தடை இல்லையாம்மா?"

"இல்லக்கா. ஒண்ணு போதும், சீக்கிரம் போட்டுருங்க. மாதவிலக்கு கொஞ்சம் முன்னப் பின்ன வரலாம். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

முனீஸ்வரி அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள்.

மதியம் சாப்பிட வந்த செல்வக்குமார் சட்டைப் பையிலிருந்து அதே அட்டையை எடுத்து நீட்டினான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கியதாம்.

"அங்கதான் தடைன்னு சொன்னாரு!"

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. வீட்ல கேட்டாங்கன்னேன், எடுத்துக் கொடுத்துட்டாரு."

சோற்றை அவனுக்குப் போட்டு வைத்துவிட்டு அவள் நேரே அந்தக் கடைக்குப் போனாள். "காலைல எனக்கு இல்லாத மாத்திரை என் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிண்ணே வந்துச்சு?"

"நீங்க தனியா வந்து கேட்டீங்க. யாரு எவருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவரும் தனியாத்தானே வந்தாரு. முழுங்கப் போறது நான்தானே?"

கடைக்காரர் அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்த மாதம் நாலு நாள் தள்ளித்தான் வந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னதும், செல்வக்குமார், "அப்பாடா" என்று தரையில் உட்கார்ந்தான். முனீஸ்வரிக்கும் நிம்மதிதான். ஆனால் அந்தக் கடைக்காரர் தன்னை யாரென்று நினைத்தார் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.